இரண்டு மைதீன் பாத்திமா

மேலப்பாளையம் நூருல் ஹயாத் மருத்துவமனைக்கு ஒரு தடவையாவது போய்வந்தவர்களுக்கு அக்தர் பானுவைத் தெரியாமல் இருக்காது. உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பெயரைக் கேட்பார், வாப்பா பெயரைக் கேட்பார், மாப்பிள்ளை பெயரைக் கேட்பார், தெருவைக் கேட்பார். எழுதி முடித்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தரம் கேட்பார். "இப்பத்தானம்மா சொன்னேன்" என்று சலித்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

பி.காம். முடித்த கையோடு இருபத்திரண்டு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது நாற்பத்தொன்று. கணவர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். மகள் ஷம்ஸியா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அக்தர் பானுவுக்குச் சிறு வயது முதலே பயந்த சுபாவம். கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பார்ப்பார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மகளையும் ஒரு தரம் இழுக்கச் சொல்வார். "பயப்படுததுக்குன்னே பொறந்திருக்க உம்மா நீ" என்பாள் மகள். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவர் கையில் ஒரு கோப்பு மாறியதில்லை. அதற்கும் அந்தப் பயந்தான் காரணம்.

போன வருஷம் நூருல் ஹயாத்துக்கும் பாளையங்கோட்டை ஆசீர்வாதம் நினைவு மருத்துவமனைக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. இது நாற்பது படுக்கை உள்ள அறக்கட்டளை ஆஸ்பத்திரி. அது முந்நூறு படுக்கை உள்ள மிஷன் ஆஸ்பத்திரி. இங்கே சமாளிக்க முடியாத நோயாளிகளை அங்கேதான் அனுப்புவது வழக்கம். கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அது பாதி நேரம் ஆம்புலன்ஸிலேயே கிடக்கும். அங்கே போனதும் ரத்தப் பரிசோதனை முதல் எல்லாம் மறுபடி தொடங்கும். இனி அப்படி வேண்டாம், இரண்டு ஆஸ்பத்திரிப் பதிவுகளும் ஒரே கணினி ஏட்டில் இருக்கட்டும் என்று முடிவாகி, சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டு, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டன.

அதன் பிறகுதான் உண்மையான வேலை வந்தது. இரண்டு இடத்திலும் பதிவாகியிருக்கும் ஒரே ஆளைக் கண்டுபிடித்து, இரண்டு பதிவையும் ஒன்றாக இணைக்க வேண்டும். சந்தேகமானவை மட்டும் இரண்டாயிரத்து முந்நூறு ஜோடி. இங்கே அக்தர் பானு. அங்கே பதிவுப் பிரிவில் டார்லின் என்ற பெண், வயது இருபத்தெட்டு. இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஆறு மாதம் தினமும் போனில் பேசினார்கள்.

"எக்கா, ஒங்க ஊர்ல ஏன்க்கா எல்லாருக்கும் ஒரே பேரா வைக்கிய?" என்பாள் டார்லின்.

"ஒங்க ஊர்ல மட்டும் என்னவாம்? நேத்து ஒரே நாள்ல அஞ்சு செல்வராணி அனுப்பியிருக்கே."

சிரிப்பார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஜோடிக்கும் அக்தர் பானு தெருவைக் கேட்பார், வாப்பா பெயரைக் கேட்பார், சில சமயம் அந்த வீட்டுக்கே போன் போடுவார். ஒரு நாளைக்கு இருபது ஜோடிக்கு மேல் நகராது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கம்பெனியிலிருந்து ஒரு பையன் போனில் பேசினான். "மேடம், தொண்ணூத்தேழு சதவீதம் பொருத்தம்னு சிஸ்டமே காட்டுது. பயப்படாம அமுக்குங்க." நிர்வாகி அகமது மீரானும் அதையே சொன்னார். "நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவம்மா. கொஞ்சம் தைரியமா செய்யி." கடைசி ஒரு வாரம் அக்தர் பானு தைரியமாகச் செய்தார். ஆறு நாளில் நானூறு ஜோடி.

திறப்பு விழா நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்று வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு மேலத்தெரு மைதீன் பாத்திமா என்ற கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எட்டரை மாதம். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து நினைவு தப்பியிருந்தது. கூட வந்தது மாமியார் மட்டும். கணவர் சாகுல் ஹமீது துபாயில். டாக்டரம்மா வலிப்புக்கு ஊசி போட்டு, உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று ஆம்புலன்ஸில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். அக்தர் பானு கணினியில் ‘அனுப்பப்பட்டார்’ என்று பதிந்தார். துண்டுச் சீட்டு இல்லை. வண்டி போய்ச் சேருவதற்குள் பதிவு போய்ச் சேர்ந்துவிடும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பத்தே முக்காலுக்கு ஒரு கர்ப்பிணி கண்ணாடிக்கு முன் வந்து நின்றாள். கையில் ஆசீர்வாதம் ஆஸ்பத்திரி அட்டை.

"சுகர் பாக்கச் சொல்லியிருக்காங்க. இங்கனயே பாத்துக்கிடலாம்னு சொன்னாங்களே."

"ஆமாம்மா, இப்ப எங்கன வேணாலும் பாக்கலாம். பேரு?"

"மைதீன் பாத்திமா."

அக்தர் பானு அட்டையில் இருந்த எண்ணைத் தட்டினார். திரையில் பதிவு திறந்தது. மைதீன் பாத்திமா, க/பெ சாகுல் ஹமீது, வயது 27. கீழே சிவப்புப் பட்டையில்: ‘வலிப்பு. நினைவு இல்லை. 10.12க்கு ஆம்புலன்ஸில் அனுப்பப்பட்டார்.’

நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டோம் என்று மறுபடி தட்டினார். அதே பதிவு.

"நீங்க எந்தத் தெரு?"

"கீழத்தெரு."

"ஒங்க போன் நம்பர்?"

"எனக்கு நம்பர் இல்ல. பதியும்போது நர்ஸம்மா நம்பரைத்தான் குடுத்தோம்."

அந்த வட்டாரத்துச் சுகாதாரச் செவிலியர் இரண்டு பெண்களையும் வெவ்வேறு ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டு இருவருக்கும் தன் போன் எண்ணையே கொடுத்திருக்கிறார். பெயர் ஒன்று, கணவர் பெயர் ஒன்று, வயது ஒன்று, போன் எண் ஒன்று. தொண்ணூத்தேழு சதவீதம். அந்தக் கடைசி வாரத்தில் அக்தர் பானு இந்த இரண்டு பேரை ஒரே ஆளாக்கியிருக்கிறார்.

பதிவை மேலிருந்து படித்தார். ரத்த வகை இருவருக்கும் ‘ஓ பாசிட்டிவ்’. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டார். அடுத்த வரி: ‘ஒவ்வாத மருந்து: இல்லை.’

மேலத்தெரு மைதீன் பாத்திமாவின் பழைய கோப்பு அவருக்கு நினைவில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலுக்கு ஓர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, முகமெல்லாம் வீங்கி, மூச்சு நின்று, அந்தப் பெண்ணைப் பிழைக்க வைத்ததே பெரும்பாடாகிவிட்டது. டாக்டரம்மா கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதினார். இரண்டு பதிவும் இணைந்தபோது புதிய பதிவில் இருந்த ‘இல்லை’ பழையதை மூடிவிட்டிருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன் போடுகிற ஊசி பெரும்பாலும் அதே மருந்துதான். நினைவில்லாத பெண் எப்படிச் சொல்லுவாள்? மாமியாருக்கு மருந்தின் பெயர் தெரியாது.

"அக்கா, ஒங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்று கீழத்தெருப் பெண் கேட்டாள். அக்தர் பானுவின் உதடு வெளுத்திருந்தது.

டாக்டரம்மா அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்; அவர் போன் அணைந்திருந்தது. அக்தர் பானு டார்லினுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போட்டார். ‘நீங்கள் வரிசையில் ஏழாவதாக உள்ளீர்கள்’ என்றது ஒரு குரல். பதிவைத் திருத்தப் பார்த்தார். ‘இணைத்த பதிவைப் பிரிக்க இரு மருத்துவமனைப் பொறுப்பாளர்களின் ஒப்புதல் தேவை. 48 மணி நேரம் ஆகலாம்.’ கம்பெனி உதவி எண்ணில் ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் புகார் எண் தருவதாகச் சொன்னாள். "ஒரு உயிரும்மா, ஒரு உயிரு" என்று அக்தர் பானு சொன்னார். "புரியுது மேடம், அவசரம்னு குறிச்சுக்கிறேன்" என்றாள் அவள்.

மாடிக்கு ஓடினார். பழைய கோப்புகள் மூட்டை மூட்டையாக மாடி அறையில் கிடந்தன. கட்டு இறுகி அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். மூன்றாவது மூட்டையில் கிடைத்தது. சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது: ‘செஃப்ட்ரியாக்சோன் – கொடுக்கவே கூடாது.’

படியிறங்கும்போது எதிரே மீரான் வந்தார். அக்தர் பானு மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னார். மீரானுக்கும் முகம் மாறிவிட்டது. நல்ல மனிதர்தான். அந்த ஒப்பந்தத்துக்காக இரண்டு வருஷம் அலைந்தவர்.

"பையம்மா, பைய. அவசரப்பட்டு அங்கன போயி நம்ம தப்புன்னு சொல்லிட்டா ஒப்பந்தமே போயிரும். அவங்க டெஸ்ட் டோஸ் போட்டுப் பாப்பாங்கல்லா? நான் சூப்பரெண்டுக்கு முறைப்படி ஒரு லெட்டர் அனுப்புதேன்."

"லெட்டர் போயிச் சேரதுக்குள்ள மவுத்தாயிருவா சார்."

இப்படி அவரிடம் பேசியதே இல்லை. பதிலுக்கு நிற்காமல் வாசலுக்கு வந்து, நின்ற முதல் ஆட்டோவில் ஏறினார்.

குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் பஸ்ஸும் லாரியும் பைக்குமாக அடைத்துக்கொண்டு நின்றன. "திருச்செந்தூர் வண்டிம்மா. பத்து நிமிசம் ஆவும்" என்றார் ஆட்டோக்காரர். அக்தர் பானு கோப்பை மடியில் அணைத்துக்கொண்டு ஓதத் தொடங்கினார். தெரிந்த ஓதல்கூட நாக்கில் நிற்கவில்லை. அந்தப் பெண் செத்துப்போவாள். குழந்தையும் போகும். தன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஷம்ஸியாவைப் பள்ளிக்கூடத்தில் விரலால் சுட்டிக்காட்டுவார்கள். இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. இடையில் போனை மறுபடி மறுபடி அழுத்தினார். பதினொன்றாவது தடவையோ என்னவோ, டார்லினே கூப்பிட்டாள்.

"எக்கா, என்னக்கா இத்தன தடவ? கவுண்டர்ல போன் வைக்கக் கூடாதுன்னு..."

"டார்லின், கேளு. மைதீன் பாத்திமா. வலிப்புன்னு காலையில அனுப்புனோம்லா? அந்தப் பதிவு தப்பு. ரெண்டு பேர நான் ஒண்ணாக்கிட்டேன். அவளுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஆகாது. ஆகவே ஆகாது. போட்டா செத்துருவா."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"போனை வைக்காதிய" என்றாள் டார்லின்.

அக்தர் பானு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். செருப்புச் சத்தம். ஒரு கதவு. யாரோ "ஏம்மா, ஓடாத" என்று அதட்டியது. மாடிப்படி. மூச்சிரைப்பு. பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

"கிரேஸ் சிஸ்டர், தொறங்க! மேலப்பாளையம் கேஸுக்கு ஆன்டிபயாடிக் போட்டாச்சா?"

"ஏறிக்கிட்டு இருக்கு. நீ இங்கன என்ன செய்யுத?"

"நிப்பாட்டுங்க! அவங்களுக்கு அது ஆகாது!"

"சிஸ்டத்துல இல்லன்னுதான போட்டிருக்கு?"

"சிஸ்டம் தப்பு சிஸ்டர்."

உள்ளிருந்து வேறொரு குரல், மயக்க மருந்து டாக்டராக இருக்க வேண்டும். "யார் சொல்லுறாங்க?"

"மேலப்பாளையம் அக்தர் பானு அக்கா."

"யார் அது? டாக்டரா?"

"இல்ல டாக்டர். என்னமாதிரி பதிவு எழுதுதவங்க. ஆறு மாசமா பேசுதேன். ஒரு எழுத்தக்கூட ரெண்டு தரம் கேக்காம எழுத மாட்டாங்க. அவங்க சொன்னா நம்பலாம் டாக்டர்."

அந்த வார்த்தை அக்தர் பானுவின் நெஞ்சில் கத்தி மாதிரி இறங்கியது. அதே சமயம் ரயில் வந்தது. காது அடைத்தது. பெட்டிகள் கடகடவென்று போய்க்கொண்டே இருந்தன. சத்தம் அடங்கியபோது இணைப்பு அறுந்திருந்தது.

கோப்பின் மேலட்டையைப் போட்டோ எடுத்து டார்லினுக்கு அனுப்பினார். அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட அவருக்குத் தைரியம் இல்லை. கேட் திறந்தும் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகராமல் நின்றன. "எறங்கி நடக்கட்டுமா அண்ணாச்சி?" என்று மூன்று தடவை கேட்டார். "இருங்கம்மா, கொண்டு விடுதேன்" என்று ஆட்டோக்காரர் மூன்று தடவையும் சொன்னார்.

ஆசீர்வாதம் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், அறுவை அரங்கின் முன் நீல ஓவர்கோட் போட்ட ஒல்லியான பெண் சுவரில் சாய்ந்து நின்றாள். அக்தர் பானு வாயைத் திறக்குமுன் அவளே "எக்கா" என்றாள். குரலை வைத்துத்தான் இருவரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். டார்லின் அழுதிருந்தாள்.

"மருந்த நிப்பாட்டிட்டாங்க. கொஞ்சம் ஏறிட்டு. பிரஷர் ரொம்ப எறங்கியிருந்துச்சாம். நீங்க போட்ட வலிப்பு ஊசியாலதான் எறங்குதுன்னு நெனச்சு அதுக்குப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. நான் சொன்னப்பறந்தான் வேற ஊசி போட்டாங்க. இப்ப என்னன்னு தெரியல."

பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தார். பெயர் கதீஜா. தஸ்பீஹ் மணி விரல்களுக்கிடையில் நகர்ந்துகொண்டிருந்தது. அக்தர் பானுவைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் போன் போட்டு ஊசிய நிப்பாட்டுனியாமே. அந்தப் பிள்ள சொன்னா. அல்லா ஒன்ன நல்லா வைக்கணும்."

அக்தர் பானு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அப்படியே உட்கார்ந்தார். அந்தக் கை அவர் கையை விடவே இல்லை. ஒவ்வொரு தடவை கதவு அசையும்போதும் இருவரும் சேர்ந்து எழுந்தார்கள், சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

பன்னிரண்டு இருபதுக்கு உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. சன்னமான அழுகை. பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. தாய் விஷயம் இன்னும் சொல்வதற்கில்லை என்றார் கிரேஸ் சிஸ்டர். தாயைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் மதியம் வரை அக்தர் பானு வீட்டுக்குப் போகவில்லை. ஷம்ஸியா மாற்றுத் துணி கொண்டுவந்து கொடுத்தாள். எப்போதும் கேலி பேசுகிற பெண் அன்று உம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மதியம் இரண்டு மணிக்கு மேல் மைதீன் பாத்திமா கண் திறந்து தண்ணீர் கேட்டதாகச் சொன்னார்கள். கதீஜா அங்கேயே தரையில் நெற்றி பட ஸஜ்தாவில் விழுந்தார். எழுந்து வந்து மறுபடி அக்தர் பானுவின் கையைப் பிடித்தபோது, அவர் சொல்லிவிட்டார்.

"மாமி, நான் காப்பாத்தல. தப்பே என்னோடதுதான். ஒங்க மருமக பதிவயும் இன்னொரு பிள்ள பதிவயும் நான்தான் ஒண்ணாக்கிட்டேன். அதனாலதான் அந்த ஊசி போட்டாங்க."

கதீஜா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். எழுந்து போய் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அக்தர் பானுவுக்கு இருந்தது.

அடுத்த வாரம் மூன்று தரப்பும் கூடின. அக்தர் பானுவும் டார்லினும் அந்த மேசையில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. வேலை போய்விடும் என்று எண்ணி அக்தர் பானு, கழற்றிக் கொடுக்க வசதியாக அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். பாளையங்கோட்டைத் தரப்பில் ஒருவர், இனி அவரவர் ஏடு அவரவரிடம் இருக்கட்டும், இந்தக் கூட்டே வேண்டாம் என்றார். கம்பெனிக்காரர், பயனர் தவறு என்று ஆரம்பித்தார். அப்போது மீரான் பேசினார். அன்று படிக்கட்டில் தடுத்தவர்தான்.

"அவசரப்படுத்துனது நாங்க. தொண்ணூத்தேழு போதும்னு சொன்னது நீங்க. ஒப்பந்தத்துல முப்பத்திரண்டு பக்கம் இருக்கு. தப்பு நடந்தா யாரு யாருக்குப் போன் போடணும்னு ஒரு வரி இல்ல. இந்த ரெண்டு பிள்ளைகளுக்குள்ள பழக்கம் இல்லன்னா அன்னைக்கு அந்த வீட்டுக்கு மையித்துதான் போயிருக்கும்."

டார்லின் ஒரு தாளை எடுத்தாள். முந்தின நாள் இருவரும் போனில் பேசி எழுதியது. பதிவு எழுதுகிற இருவரும் பேசி ஒப்புக்கொள்ளாமல் எதையும் இணைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் இருவரில் யாரும் அந்த நிமிடமே பிரிக்கலாம். ஒவ்வாத மருந்து என்று ஓர் இடத்தில் இருந்தாலும் அது அழியக் கூடாது. பதிவுப் பிரிவிலிருந்து அறுவை அரங்குக்கு நேர் தொலைபேசி வேண்டும். நான்கையும் மூன்று தரப்பும் ஏற்றுக்கொண்டன; கம்பெனி சென்னையிலிருந்து ஆளை அனுப்பியது. பயப்படாமல் அமுக்கச் சொன்ன அதே பையன்தான். அக்தர் பானுவின் பக்கத்தில் நான்கு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரே தெருவில் ஒரே பெயரில் வருகிறவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனான்.

வேலை போகவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. அந்தக் கடைசி வாரத்து நானூறு ஜோடியை அவரும் டார்லினும் முதலிலிருந்து பார்த்தார்கள். வீடு வீடாகப் போன் போட்டார்கள். இன்னும் நான்கு தப்பு கிடைத்தது. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் அக்தர் பானு உடனே போனை எடுப்பார். அந்த ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்பார். இருந்தார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் குழந்தைக்குத் தடுப்பூசி போட மைதீன் பாத்திமா வந்தாள். கதீஜா வாசலிலேயே நின்றுகொண்டார். மெலிந்திருந்த அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டபடி நேராகக் கண்ணாடிக்கு முன் வந்தாள்.

"எனக்கு அந்த ஊசி ஆகாதுன்னு எழுதியிருக்கா? நான் பாக்கணும்."

நோயாளிக்குத் திரையைக் காட்டுவது வழக்கமில்லை. அக்தர் பானு திரையை அவள் பக்கம் திருப்பினார். பெயர், வாப்பா பெயர், கணவர் பெயர், மேலத்தெரு. கீழே சிவப்பில் மருந்தின் பெயர். மைதீன் பாத்திமா ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"பிள்ளைக்கும் தனியாத்தான இருக்கு? என் பேருல சேக்கலியே?"

"தனியாத்தான் இருக்கு. பேரு வச்சாச்சா?"

"அர்வா."

"அர்வா" என்று எழுதினார் அக்தர் பானு. "வாப்பா பேரு சாகுல் ஹமீது. மேலத்தெரு. இன்னொரு தரம் சொல்லும்மா."

அவள் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு தரம் சொன்னாள்.